பின்வாசல் காவல்

இராணிப்பேட்டையில் 1932-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சீரம் நிலையம் இன்று கால்நடை நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் என்ற பெயரில் இயங்குகிறது. தமிழ்நாட்டின் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் கோழிகளுக்கும் போடப்படும் தடுப்பூசிகளில் பல இங்கே தயாராகின்றன: அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் என்று பட்டியல் நீளும். தடுப்பூசி வேண்டுமென்றால் கிருமியை முதலில் வளர்த்தாக வேண்டும். எந்த நோயை ஊரிலிருந்து விரட்டப் பார்க்கிறோமோ, அதன் கிருமியையே ஊருக்குள் ஒரு கட்டடத்தில் கோடிக்கணக்கில் பெருக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து மேற்கே போனால் மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு பக்கம் விலங்குக் கிருமியை வேண்டுமென்றே வளர்க்கும் நிலையம். இன்னொரு பக்கம் விலங்கின் தோலை மூட்டை மூட்டையாக வாங்கும் தொழில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை. ஆனால் கிருமி எங்கே அடைபடுகிறது, எங்கே தப்புகிறது என்று கேட்கத் தொடங்கினால் இரண்டும் ஒரே கேள்விக்குள் வந்துவிடுகின்றன.

ஆய்வகப் பாதுகாப்பு என்றதும் கண்முன் வருவது வாசல்தான். கைரேகை வைத்தால் திறக்கும் கதவு, இரட்டைக் கையுறை, உடலை மூடும் உடை, உள்ளே போகும் விஞ்ஞானி. உயிர்ப்பாதுகாப்பை நான்கு நிலைகளாகப் பிரித்து, நிலை உயர உயரக் கட்டுப்பாடும் கூடும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. மூன்றாம் நிலை ஆய்வகத்தில் அறையின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக வைக்கப்படும். அதனால் கதவு திறக்கும்போது காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. வெளியேறும் காற்று ஹெப்பா வடிகட்டியைக் கடந்தாக வேண்டும், 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 விழுக்காட்டை அது பிடித்துவிடும். குப்பை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வேகும். கழிவுநீர், அதிலுள்ள கிருமி வெப்பத்தாலோ வேதிப்பொருளாலோ கொல்லப்பட்ட பிறகே சாக்கடைக்குப் போகும். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். கதவைத் தவிர மற்ற எல்லாமே வெளியேறும் வழிகளைப் பற்றியவை: காற்று, குப்பை, நீர், மனிதன். கிருமி உள்ளே எப்படி வந்தது என்பது தெரிந்த விஷயம், நாமே கொண்டுவந்தோம். எந்த வழியாக வெளியே போகும் என்பதே கேள்வி.

விலங்குக் கிருமிகளைக் கையாளும் ஆய்வகத்துக்கு இதில் கூடுதலாக ஒரு பொறுப்பு உண்டு. மனித நோய் ஆய்வகம் முதலில் காப்பது அங்கே வேலை செய்பவரை. விலங்கு நோய் ஆய்வகம் அவரோடு சேர்த்து, வேலிக்கு வெளியே மேயும் மாட்டையும் காக்க வேண்டும். கோமாரி வைரஸ் மனிதருக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஆனாலும் உலகின் மிகக் கடுமையான அடைப்பு ஏற்பாடுகளில் சில அதற்குத்தான். அந்த ஆய்வகங்களில் வேலை முடிந்து வெளியே வருபவர் குளித்துவிட்டுத்தான் வரவேண்டும். அடுத்த சில நாட்களுக்கு ஆடுமாடு பக்கம் போகக்கூடாது. ஐரோப்பிய நகரத்தில் வசிக்கும் தொழில்நுட்பருக்கு இது எளிய விதி. வீட்டுத் தொழுவத்தில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஊழியருக்கு இது அன்றாடம் மீற நேரும் விதி. ஆக, விதியை எழுதினால் மட்டும் போதாது. அது யாருடைய வாழ்க்கைக்குப் பொருந்தும் என்றும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1998-இல் போபாலில் அமைந்த உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம், இத்தகைய கிருமிகளுக்கென்றே தனி ஏற்பாடு தேவை என்பதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது மாதிரிகள் அங்கேதான் போயின.

அடைப்பு உடைந்த மூன்று நிகழ்வுகளை வரிசையாகப் பார்ப்போம். 1979 ஏப்ரல் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் இருந்த ராணுவ நிலையம் ஒன்றிலிருந்து அடைப்பான் கிருமியின் வித்துகள் (ஸ்போர்கள்) காற்றில் கலந்தன. குறைந்தது 66 பேர் இறந்தனர். காற்று வீசிய திசையில் கோடு கிழித்தாற்போல 50 கிலோமீட்டர் தொலைவு வரை ஆடுமாடுகள் செத்தன. கெட்டுப்போன இறைச்சியே காரணம் என்று அரசு சாதித்தது. 1992-இல் போரிஸ் யெல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். 1994-இல் மேத்யூ மெசல்சன் குழுவினர் இறந்தவர்கள் அன்று பகலில் இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, காற்றின் போக்கோடு ஒப்பிட்டு, கசிவு அந்த நிலையத்திலிருந்தே வந்தது என்று நிறுவினர். சோவியத் உயிரி ஆயுதத் திட்டத்தில் உயர்பதவி வகித்த கென் அலிபெக் பின்னாளில் எழுதியபடி, அடைத்துக்கொண்ட வடிகட்டி ஒன்றைக் கழற்றியவர்கள் மாற்று வடிகட்டியைப் பொருத்தவில்லை. துண்டுச்சீட்டில் எழுதி வைத்தார்கள், பதிவேட்டில் ஏறவில்லை. அடுத்த ஷிப்ட் இயந்திரத்தை ஓட்டியது.

இரண்டாவது பிரிட்டனில் நடந்தது. 2007 ஆகஸ்ட் 3 அன்று சர்ரே பகுதிப் பண்ணை ஒன்றில் கோமாரி நோய் உறுதியானது. அந்த வைரஸ் வகை 1967-இல் பிரித்தெடுக்கப்பட்டது. வெளியில் எங்கும் உலவாமல், ஆய்வகங்களிலும் தடுப்பூசி உற்பத்தியிலும் மட்டுமே இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி இருந்த பிர்பிரைட் வளாகத்தில் அரசு ஆய்வு நிலையமும் தனியார் தடுப்பூசி ஆலையும் ஒரே கழிவுநீர்க் குழாய் வழியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பழைய குழாய்கள் விரிசல் விட்டிருந்தன. மரவேர்கள் உள்ளே புகுந்திருந்தன. அவ்வாண்டுக் கோடையில் பெய்த கனமழையில் கழிவுநீர் மண்ணோடு கலந்திருக்க வேண்டும். கட்டுமான வேலைக்கு வந்த வண்டிகளின் சக்கரத்தில் ஒட்டிய சேறு வைரஸை வெளியே கொண்டுபோயிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவுகட்டியது. குழாயை மாற்றும் பேச்சு பல ஆண்டுகளாகவே இருந்தது. செலவை யார் ஏற்பது என்ற இழுபறி தீரவில்லை. நாட்டின் கோமாரி ஆய்வுக்கே தலைமையிடமான வளாகம், நாட்டின் பண்ணைகளுக்குக் கோமாரியைக் கொடுத்தது.

மூன்றாவது நம் காலத்தது. இராணிப்பேட்டை போன்ற ஊருக்கு மிகப் பொருத்தமானதும்கூட. 2019 ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 20 வரை சீனாவின் லான்சோ நகரில் கால்நடைகளுக்கான புருசெல்லா தடுப்பூசி தயாரித்த ஆலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. உற்பத்தித் தொட்டிகளிலிருந்து வெளியேறிய வாயுவில் இருந்த கிருமி முழுதாகச் சாகவில்லை. காற்று வாக்கில் இருந்த கால்நடை ஆய்வு நிலையத்தின் மாணவர்களும் ஊழியர்களும் முதலில் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. கடைசியில் 10,000-க்கும் மேற்பட்ட நகரவாசிகளிடம் தொற்று உறுதியானது. கன்று வீச்சு நோயைத் தரும் புருசெல்லா, ஆய்வக ஊழியருக்கு அடிக்கடி தொற்றும் பாக்டீரியாக்களில் முன்வரிசையில் இருப்பது. வளர்ப்புத் தட்டை முகர்ந்து பார்க்கும் பழைய வழக்கமே பலரை நோயாளியாக்கியிருக்கிறது. ஆனால் லான்சோவில் நோயுற்றவர்களில் பெரும்பாலோர் ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை.

மூன்றிலும் வாசல் சரியாகத்தான் இருந்தது. யாரும் உள்ளே புகுந்து கிருமியைத் திருடவில்லை. அதிநவீனக் கருவி எதுவும் இல்லாததால் விபத்து நேரவில்லை. ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் காற்றுக்குழாய், பிர்பிரைட்டில் சாக்கடை, லான்சோவில் புகைபோக்கி. பழுதான பொருளோ எளியது: ஒரு வடிகட்டி, ஒரு குழாய், ஒரு டப்பா கிருமிநாசினி. இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இதுதான்: அடைப்பின் பலம் வெளியேறும் வழிகளில் இருக்கிறது, அந்த வழிகள் கெடுவது பெரும்பாலும் அறிவுக் குறைவால் அல்ல, பராமரிப்புக் குறைவால். பாலாற்றின் தோல் பதனிடும் ஊர்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சகதித் தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர். சுத்திகரிப்பு நிலையம் இருந்தது, தொட்டியும் இருந்தது, தொட்டி தாங்கும் அளவை மதித்து நடக்கும் ஒழுங்கு இல்லை. குரோமியமானாலும் கிருமியானாலும் அடைத்துவைத்ததாக நம்பிக்கொண்டிருக்கும் பொருள் இதே போலத்தான் வெளியே வருகிறது.

இப்போது ஆய்வகத்தை விட்டுத் தோலுக்கு வருவோம். அடைப்பான் கண்ட மாடு சாகும் தறுவாயில் அதன் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். ஆனால் அவை இன்னும் வித்தாக மாறாதவை. உடல் திறக்கப்படாமல் இருந்தால் உள்ளே ஆக்சிஜன் இல்லை, வித்து உருவாகாது, அழுகல் பாக்டீரியாக்கள் சில நாட்களில் அடைப்பான் கிருமியை அழித்துவிடும். கத்தி பட்டு இரத்தம் காற்றில் கலந்த பிறகுதான் அவை வித்துகளாகின்றன. அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் தாங்கும். பிரிட்டன் 1942-இல் சோதனை நடத்திய குருயினார்ட் தீவை மறுபடி மனிதர் நடமாடும் நிலமாக்க 1986-இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து தெளிக்க வேண்டியிருந்தது. ஆகவேதான் அடைப்பான் என்று சந்தேகம் எழுந்தால் பிணப்பரிசோதனையே செய்யக்கூடாது, காதோர இரத்தத்தில் ஒரு துளி எடுத்து கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்பினால் போதும், உடலைத் திறக்காமல் ஆழப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவத்தின் விதி. விலங்கின் தோல்தான் இங்கே முதல் அடைப்புச் சுவர். அதை உரிப்பது ஆய்வகத்தின் சுவரை இடிப்பதற்குச் சமம்.

உரித்த தோல் உப்பிட்டுக் காய்ந்து மண்டிக்குப் போனால் வித்தும் கூடவே போகிறது. உப்பு அதைக் கொல்வதில்லை, சுண்ணாம்புக் குழியையும் நம்ப முடியாது. பிரிட்டனின் பிராட்ஃபோர்டு நகரக் கம்பளித் தொழிலாளர்களை இந்நோய் வாட்டியபோது, 1919-இல் தனிச் சட்டம் இயற்றி, 1921-இல் லிவர்பூலில் கம்பளியைக் கழுவி ஃபார்மால்டிஹைடில் கிருமி நீக்கும் நிலையம் அமைத்தார்கள். கம்பளிக்குப் பலித்த அந்த வழி பச்சைத்தோலுக்குப் பலிக்காது. ஃபார்மால்டிஹைடு தோலையே பதனிட்டுவிடும், வெப்பம் தோலையே கெடுத்துவிடும். அமிலமும் உப்பும் சேர்ந்த கரைசலில் ஊறவைத்து வித்தைக் கொல்லும் முறைகள் முன்மொழியப்பட்டன. தொழில் அளவில் அவை நிலைக்கவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் அடைப்பானில் இறந்ததும் பழைய பதிவுகளில் உண்டு. 1957-இல் அமெரிக்காவின் மான்செஸ்டர் நகர ஆலையில் ஆட்டு மயிரைக் கையாண்ட ஒன்பது தொழிலாளர்களுக்கு நோய் வந்தது. மூச்சுவழித் தொற்றுக்கு ஆளான ஐவரில் நால்வர் இறந்தனர். தோலுக்குத் தொழிற்சாலை வாசலில் வைத்தியம் இல்லை என்றால், வைத்தியம் மாடு விழுந்த இடத்தில்தான். அங்கே முடிவெடுக்க, விழுந்த மாடு எதனால் விழுந்தது என்று அன்றைக்கே சொல்லும் ஆய்வகம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சமன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் எம். கே. லலிதா, டி. ஜேக்கப் ஜான் முதலிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் மனிதருக்கு வந்த அடைப்பானை ஆய்விதழ்களில் தொடர்ந்து எழுதினார்கள். மூளைக்காய்ச்சலாக முற்றி வந்த நோயாளிகளும் அவற்றில் உண்டு. செத்த மாட்டை அறுப்பது, உரிப்பது, பங்கிடுவது ஆகியவையே இந்நோய் மனிதருக்கு வரும் வழக்கமான வழிகள். செத்த மாட்டைச் சுமந்து தோலை உரிக்கும் வேலையைச் சாதியின் பெயரால் சிலர் தலையில் கட்டிய சமூகம் இது. அடைப்பு உடையும்போது முதல் விலையைக் கொடுப்பவர் யார் என்பது கிருமிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது: இத்தனை ஆபத்தென்றால் இந்த நிலையங்களை ஊருக்கு வெளியே தள்ளலாம், மூடியே விடலாமே. அடைப்பான் கிருமியை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தது ஆய்வகம் அன்று. மண்ணில் அது முன்பே இருக்கிறது. தடுப்பூசி நின்றால் மாடு சாகும், தோல் உரியும், வித்து பரவும். மேலும் எந்தக் கிருமியை வைத்திருப்பது என்பதே பாதுகாப்பின் பெரும்பகுதி. 1937-இல் தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் கண்டறிந்த 34எஃப்2 வகை, உறை உருவாக்கும் திறனை இழந்தது. உலகின் பெரும்பாலான கால்நடை அடைப்பான் தடுப்பூசிகள் அதிலிருந்தே வருகின்றன. 1993-இல் ஓம் ஷின்ரிக்யோ கும்பல் தோக்கியோவின் கமெய்தோ பகுதியில் அடைப்பான் கிருமியைத் தெளித்தது. ஒருவருக்கும் நோய் வரவில்லை. தெளிக்கப்பட்டது ஸ்டெர்ன் தடுப்பூசி வகை என்று பிற்பாடு மரபணு ஆய்வு காட்டியது. கொலை நோக்கத்தோடு ஊரின் மீது வீசியும் கொல்லாத கிருமியை வைத்துத் தடுப்பூசி செய்ய முடிகிறது என்றால், நிலையத்தை விரட்டுவதைவிடக் கிருமியைத் தேர்ந்தெடுப்பது அறிவார்ந்த வழி. தடுப்பூசியின் திறனைச் சோதிக்க வீரியமுள்ள கிருமி தேவைப்படும் கட்டங்கள் உண்டு. அந்தச் சிறிய பகுதிக்கு உயர்ந்த அடைப்பு போதும், முழு ஆலைக்கும் வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு பணம் சார்ந்தது: மேலைநாட்டுத் தரம் நமக்குக் கட்டுபடியாகாது. மேலே சொன்ன மூன்று விபத்துகளும் இந்த வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. அந்த நிலையங்களில் குறைந்தது விலையுயர்ந்த கருவி அன்று, வடிகட்டியும் குழாயும் கிருமிநாசினியும்தான் சரியாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகக் கையேடு 2020-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில், நிலை எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, செய்யும் வேலையின் உண்மையான ஆபத்தை மதிப்பிட்டு ஏற்பாடு செய்யச் சொல்கிறது. அடைப்பானைக் கண்டறிய மெத்திலீன் நீலச் சாயமிட்ட தகடே பல நேரங்களில் போதும். கிருமியை வளர்க்காமலே முடிவு சொல்லலாம். வளர்க்காத கிருமி தப்புவதில்லை. ஆட்டோகிளேவ் உண்மையில் கொல்கிறதா என்பதை வெப்பம் தாங்கும் வேறொரு பாக்டீரியாவின் வித்துள்ள சோதனைக் குப்பியை உள்ளே வைத்துப் பார்க்கலாம், பெருஞ்செலவு இல்லை. ஸ்பிரிட் வித்தைக் கொல்லாது என்று துப்புரவு ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்கச் செலவே இல்லை. மின்வெட்டு நேரும் ஊரில் காற்றழுத்தத்தைக் காக்கும் ஜெனரேட்டருக்குச் செலவு உண்டு. கட்டடம் கட்டும்போதே அதையும் அதன் ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கணக்கிடாத திட்டத்தைத் திட்டம் என்றே சொல்லக்கூடாது.

மூன்றாவது மறுப்பு, வெளியே சொன்னால் பீதி கிளம்பும், ஏற்றுமதி படுத்துவிடும், தீயவர் கைக்குத் தகவல் போய்விடும் என்பது. கிருமி எந்த உறைபெட்டியில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வடிகட்டி எப்போது சோதிக்கப்பட்டது, கழிவுநீர்க் குழாய் எப்போது அழுத்தம் பார்க்கப்பட்டது, கிருமிநாசினியின் காலாவதித் தேதி என்ன என்பவை யாருக்கும் ஆயுதமாகாத தகவல்கள். தகவலை மறைத்ததால் வந்த கேடு ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் தெரிந்தது. இறைச்சிதான் காரணம் என்ற அரசின் பொய் 1992 வரை நின்றது. 2001-இல் அமெரிக்காவில் கடித உறைகளில் வந்த அடைப்பான் வித்து ஐவரைக் கொன்றபோது, விசாரணை அதை ராணுவ ஆய்வகம் ஒன்றின் குடுவை வரை கொண்டுபோய் நிறுத்தியது. உள்ளே இருப்பவரைக் கண்காணிக்க உதவுவதும் ஒழுங்கான பதிவேடுதான்.

இவை எதற்கும் புதிய தத்துவம் தேவையில்லை. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தன் செயல் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு, அந்தச் செயலைச் செய்பவருடையது என்றும் சொன்னது. 2009-ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், தடுப்பூசி தயாரிக்கும், சோதிக்கும், ஆராயும் நிலையங்கள் கிருமி தப்பாமல் காக்க வேண்டும், தப்பினால் தொடர்புடையவர்களை எச்சரித்துப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. பொறுப்பை நிலையத்தின் தலைமையில் இருப்பவர் மேல் வைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் செய்ய வேண்டியது தெளிவாகிவிடுகிறது. பாலாற்றுப் படுகை மாவட்டங்களில் கிருமியைக் கையாளும் ஒவ்வொரு நிலையமும், அரசுடையதோ தனியாருடையதோ, தன் காற்றுவழி, நீர்வழி, குப்பைவழி மூன்றின் சோதனை முடிவுகளை ஆண்டுதோறும் ஊர் அறிய வெளியிட வேண்டும். இயற்கையாகச் செத்த மாட்டின் தோல் சந்தைக்கு வருமுன் சாவின் காரணம் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வகம் பத்திரமாக இருக்கிறதா என்று வெளியே நிற்கும் நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை, பாலாற்றுக்காகப் போராடியவர்கள் ஏற்கெனவே வாங்கித் தந்துவிட்டார்கள். அதைப் பயன்படுத்துவது இனி நம் வேலை.